முறத்தில் காய வைத்த முடி

பார்லருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, கலர் கலப்பது எப்படி, பிரஷ் பிடிப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் போனிலேயே பார்த்துக் கற்றுக்கொண்டு விடுகிறீர்கள். என்னைவிட நன்றாகவே போடுகிறீர்கள், எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. நம்மிடம் கலர் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறாளே ஒருத்தி, அவள் மறுபடி நம் படியேறி வரும்வரை அந்தத் தலை எங்கே இருக்கிறது? அவள் வீட்டில் இருக்கிறது. நம் கையில் இருப்பது ஒரு பொழுது. மிச்ச நாளெல்லாம் அங்கேதான். கலர் நிற்பதும் ஓடுவதும் அங்கேதான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் இருந்த என் பார்லரை, முழங்கால் இனி படி ஏறாது என்று சொன்ன பிறகுதான் விட்டேன். இப்போது என்னோடு வேலை பார்த்த சுகன்யா அதை நடத்துகிறாள். நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் தலையை எல்லாம் பார்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோபத்தை உங்களுக்காவது உபயோகமாக்கலாம் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் விஷயம். கச்சிராயபாளையத்தில் கரும்பு வைத்திருக்கும் குடும்பத்து மருமகள் ஒருத்திக்கும், மலைமேல் கரியாலூரில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவருக்கும் ஒரே பழுப்புக் கலர் போட்டு அனுப்பினேன். மருமகள் சீக்கிரமே சண்டைக்கு வந்துவிட்டாள். "இன்னாக்கா போட்ட? ரெண்டு குளியல்ல எல்லாம் ஓடிப்போச்சி" என்றாள். டீச்சர் புருவம் திருத்த இறங்கி வந்தபோது பார்த்தால், முடி நேற்றுப் போட்டது போல மின்னுகிறது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பண்லிங்க. ஊத்துத் தண்ணிதான். சோப்பு போட்டா நொர போவறதுக்கே நேரமாவுது" என்றார். விஷயம் அதில் இருந்தது. கீழே நம் போர் தண்ணியில் நுரையே வராது. பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படிகிற தண்ணி முடியை மட்டும் சும்மா விடுமா? அன்றிலிருந்து கலர் போட்டவர்களிடம் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணி வைத்துக்கொள்ளச் சொல்ல ஆரம்பித்தேன். சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் பிறகு கேன் வாங்கினார்கள்.

இனி மலர்விழி கதை. நான் கடையை விடுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

மலர் என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் கச்சிராயபாளையம். தம்பிகள் இருவரும் படித்து முடிக்கட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளித் தள்ளி, முப்பது வயதைத் தாண்டி வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். தினமும் டூட்டிக்குக் கொண்டை போட்டுப் போட்டு, அவளுக்கு எவ்வளவு முடி இருக்கிறது என்று ஊரில் யாருக்குமே தெரியாது. அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தொடும். அடேயப்பா, அப்படி ஒரு முடியை நான் கையில் எடுத்து நாளாகியிருந்தது.

"ரிசப்ஷன் அன்னிக்கி தலைய விரிச்சி வுட்டுக்கினு நிக்கணும்கா. நடுவுல நடுவுல செம்புக் கலர்ல இழை இழையா தெரியணும்" என்றாள்.

கூட வந்திருந்த அவள் அம்மா மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் பார்லரம்மாதான்.

"எண்ணெ காணாத பசங்க தலைதான் செம்பட்டையா இருக்கும், பார்லரம்மா. நல்லா கருகருன்னு இருக்கிற தலைய செம்பட்டையாக்க பஸ்ஸு ஏறி வந்துகினு கீறா பாரு இவ."

"ம்மா, தம்பிங்களுக்கு இன்னா வேணும்னு கேட்டு கேட்டு செஞ்சீங்க. எனக்குன்னு நான் கேக்கறது இது ஒண்ணுதான்" என்றாள் மலர். குரலை உயர்த்தவே இல்லை. அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை வீட்டில் இவள் வயசு வேறு ஏற்கெனவே பேச்சாகியிருக்கிறது. தலையைப் பார்த்து ஒருத்தர் முகம் சுளித்தாலும் கருப்பு டை அடித்துவிடுவேன் என்றார். மலர் தலையாட்டினாள்.

போட்டோம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. கருப்புக்கு நடுவில் அந்தச் செம்பு இழைகள், வெளிச்சம் பட்டால்தான் தெரியும், படாவிட்டால் ஒளிந்துகொள்ளும். சுகன்யா போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள்.

மலரிடம் வீட்டுக்கான சட்டங்களைச் சொன்னேன். வெந்நீர் வேண்டாம், அரப்பு வேண்டாம், கேன் தண்ணியில் அலசு, வெயிலில் போனால் தலையில் துணி சுற்று. முக்கியமாக ஒன்று. நலங்கு வைக்கும்போது தலைக்கு பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொள். கருப்பு முடியில் மஞ்சள் பட்டால் தெரியாது. கலருக்காக வெளுத்த இழையில் பட்டால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மலர் மருந்துச் சீட்டைப் படிப்பது போல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். எனக்கு நிம்மதி.

ரிசப்ஷன் நாள் வந்தது. சாயங்காலம் கள்ளக்குறிச்சி மண்டபத்தில். காலையிலேயே மலரிடமிருந்து போன் வந்தது. குளியலறைக்குள் இருந்து பேசுகிறாள், குரல் கிசுகிசுவென்று வருகிறது.

"அக்கா, தலை செவந்து போச்சிக்கா. ரத்தக் கலர்ல இருக்கு. அம்மா டை வாங்கியார ஆள் அனுப்பிட்டாங்க. கருப்பு மட்டும் வாணாங்கா. சீக்கிரம் வாங்க."

நானும் சுகன்யாவும் ஸ்கூட்டியில் பறந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். செம்பு போட்ட முடி ரத்தக் கலரில் எப்படி ஆகும்? கலர் ட்யூபில் கோளாறா, வேறு யாராவது எதையாவது பூசினார்களா? பின்னால் உட்கார்ந்திருந்த சுகன்யாவின் பையில் கருப்புக் கலர் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் பந்தல், ஸ்பீக்கர், சொந்தக்காரர்கள். பின்கட்டில் முக்காலியில் மலர் உட்கார்ந்திருந்தாள். முடியைப் பார்த்தேன். செம்பு இழை ஒவ்வொன்றும் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தது. அவள் அம்மா டை பாக்கெட்டின் ஓரத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா பார்லரம்மா? இந்தத் தலையோட என் பொண்ணு மேடை ஏறுனா, கும்பல்ல ஒருத்தி வுடுவாளா? நீ அடிக்கிறியா, நான் அடிக்கட்டா?"

சுகன்யா என் காதருகே வந்தாள். "அக்கா, ரிஸ்க் எடுக்க வாணாம். கருப்பு அடிச்சி முடிச்சிடலாம். யாரும் நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

தங்கச்சிகளே, அவள் சொன்னதில் தப்பே இல்லை. கருப்பு அடித்தால் அரை மணியில் பிரச்சினை தீர்ந்தது. மண்டபத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் வெளுத்த இழையில் கருப்பு ஏறினால் திரும்ப எடுக்க முடியாது. மலர் அவிழ்த்துவிட்டு நிற்க ஆசைப்பட்ட முடி அவளுக்குக் கிடைக்காமலே போய்விடும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் நம் தொழிலே இருக்கிறது. கூட்டம் நம்மைப் பார்க்கும்போது கை தானாகப் பாட்டிலைத் தேடும். எதையாவது ஊற்றினால்தான் வேலை தெரிந்தவள் என்று நினைப்பார்கள் என்று தோன்றும். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மலர், காலையிலேர்ந்து தலையில என்னென்ன பட்டுச்சி? ஒண்ணு வுடாம வரிசையா சொல்லு."

டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்வது போலச் சொன்னாள். தொப்பி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நலங்கு வைக்கும்போது தலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு உட்காரலாமா என்று அம்மா தொப்பியை உருவிவிட்டார். அத்தைகள் சுற்றி நின்று மஞ்சள் பூசி, மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். முடி பளீரென்று மஞ்சளாகிவிட்டது. பயந்துபோய்ப் போர் தண்ணியில் குளிக்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்தாள்.

"சோப்பு போட்டப்புறம்தாங்கா செவந்துச்சி. அதுவரிக்கும் மஞ்சதான்."

தொப்பி என்ற வார்த்தை வந்ததுமே அந்தம்மா டை பாக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஏதோ தட்டியது. என்ன என்று பிடிபடவில்லை. அந்த நேரம் வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்திறங்க, ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு எங்களைத் தாண்டி ஓடினாள். தட்டில் மஞ்சள் தண்ணி. நடந்துகொண்டே ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டு விரலால் கலக்கினாள். சிவந்தது.

அவ்வளவுதான் தங்கச்சிகளே. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. மலர் தலையில் இருந்தது ஆரத்தி. சுண்ணாம்பு செய்ததைச் சோப்பும் உப்புத் தண்ணியும் செய்திருக்கின்றன. கலர் கெடவே இல்லை. மேலே உட்கார்ந்திருக்கிற மஞ்சள்தான் சிவந்திருக்கிறது.

"எலுமிச்சம்பழம் குடுங்க" என்றேன். கல்யாண வீட்டில் அதற்கா பஞ்சம். சாற்றைத் தண்ணீர் விட்டுக் கலந்து, பஞ்சில் தொட்டு, காதுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத ஒரே ஒரு இழையில் வைத்தேன். எதைச் செய்தாலும் முதலில் ஒரு இழையில் செய்யுங்கள். கண் எதிரிலேயே சிவப்பு ஓடி மஞ்சளானது. சுகன்யா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா பண்ண?"

"ஆரத்தித் தட்டுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். உங்க பொண்ணு முடிக்கி ஒண்ணும் ஆவலிங்க. மஞ்சள எடுத்துட்டா போதும்."

அந்தம்மா நிமிர்ந்தார். டை பாக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். தூக்கிப் போடவில்லை, கவனியுங்கள். இன்னும் என்னை முழுசாக நம்பவில்லை.

சிவப்பு போயிற்று. மஞ்சள் எங்கே போகிறது? தேங்காய் எண்ணெயில் மஞ்சள் கொஞ்சம் இறங்கி வரும். தடவி ஊறவைத்து, கண்டிஷனர் போட்டு அலச வேண்டும். போர் தண்ணி தொடவே கூடாது. கேன் தண்ணி வேண்டும். கேன்களுக்குக் காவல் மலரின் சித்தப்பா.

"பந்திக்கி வெச்சிருக்கிற குடிக்கிற தண்ணிங்க இது. தல அலசறதுக்கா கேக்கறீங்க?" என்று கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா கத்தினார். "பந்தில கொறஞ்சா நான் பாத்துக்கறேன். நீ எடுத்துக் குடுத்துட்டு நவுரு."

அலசினோம். மறுபடி எண்ணெய், மறுபடி அலசல். பாதி போனது. அப்புறம் நின்றுவிட்டது. முடியில் இன்னும் எலுமிச்சை நிற மஞ்சள். எவ்வளவு அலசினாலும் இறங்கவில்லை. மணி ஓடிக்கொண்டிருக்கிறது. மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். மேக்கப் முடிய வேண்டும். சுகன்யா என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தம்மாவின் கை இடுப்புப் பக்கம் போகிறது. இனி நானும் கருப்புதான் சொல்ல வேண்டுமோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

அப்போது மலரின் அப்பா பின்கட்டுக்கு வந்தார். நலங்கில் அவருடைய பட்டுக்கரை வேட்டியிலும் மஞ்சள் தெறித்திருந்தது. பாவம், மனுஷன் மெதுவாகக் கேட்டார். "ஏம்மே, இத எப்பிடி எடுக்கறது? சாயங்காலத்துக்கு இதான் வேட்டி."

அந்தம்மாவுக்கு இருந்த எரிச்சலுக்கு அவர்தான் கிடைத்தார். "நனைச்சி வெயில்ல போடுங்க, தானா போயிடும். இத்தினி வருசம் குடும்பம் பண்ணி இதுகூடவா தெரியல?"

நான் அண்ணாந்து பார்த்தேன். வைகாசி வெயில். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பாடம், கலர் போட்ட தலையை வெயிலில் காட்டாதே என்பது. வெயில் கலரைத் தின்னும். ஆனால் வெயில் கலரைத் தின்பதற்கு முன்னால் மஞ்சளைத் தின்னும். வேட்டியில் போகிறது என்றால் முடியிலும் போகும். எது முதலில் போகிறது, எங்கே நிறுத்துவது, இதுதான் கேள்வி.

"அம்மா, ஒரு மொறம் குடுங்க."

"மொறமா?"

"ஆமாங்க. வடாம் காய வெக்கிற மாதிரி முடிய காய வெக்கப்போறேன்."

மொட்டை மாடியில் நாற்காலி போட்டு மலரை உட்கார வைத்தோம். கருப்பு முடி முழுவதையும் ஈரத் துண்டில் சுற்றிவிட்டு, செம்பு இழைகளை மட்டும் வெளியே எடுத்து முறத்தில் பரப்பினேன். மணப்பெண் முகம் கருத்துவிடக் கூடாதே. குடை பிடிக்க ஆளைத் தேடினேன். திரும்பிப் பார்த்தால் அந்தம்மாவே கருப்புக் குடையோடு மாடி ஏறி வந்து நிற்கிறார். மகள் முகத்துக்கு நேராகக் குடையைப் பிடித்தார். அவர் தலை வெயிலில்.

"நான் தொப்பிய உருவுனப்பவே நீ சொல்லியிருக்கலாம் இல்ல" என்றார் மகளிடம்.

"சொன்னேன்மா. நீங்க கேக்கல."

அந்தம்மா குடையை அடுத்த கைக்கு மாற்றினார். பிறகு, "கை வலிக்குதாம்மா?" என்று மலர் கேட்டாள். "நீ ஆடாம உக்காரு" என்றார்.

நான் முறத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஈரம் காயக் காயத் தெளித்தேன். மஞ்சள் வெளிறியது. கண்ணால் பார்க்கப் பார்க்க வெளிறியது. அடியிலிருந்து செம்பு மெல்ல எழுந்து வந்தது. சுகன்யா சின்னப்பிள்ளை போல மாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். கடைசியில் ஒரு தங்கச் சாயல் மட்டும் மிச்சம்.

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சா அதுவும் போயிடும்கா" என்றாள் சுகன்யா.

"எடு" என்றேன். அவளுக்கு ஏமாற்றம். ஆனால் மஞ்சள் முழுசாகப் போகும்வரை காத்திருந்தால், செம்பும் கூடவே கிளம்பிவிடும். ஆரம்பத்தில் பாட்டிலைத் தொடாமல் இருந்ததைவிட இந்த 'எடு' சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சரியாகிக்கொண்டே வருவதைப் பாதியில் நிறுத்த யாருக்கு மனசு வரும்? அங்கே நிறுத்தத் தெரிந்தவளிடம்தான் தலையைக் கொடுக்கலாம்.

மண்டபத்தில் மேடை விளக்கு போட்டார்கள். மலர் முடியை விரித்துவிட்டு நின்றாள். செம்பின் மேல் தங்கம் பூசினாற்போல இருந்தது. நான் போட்டு அனுப்பிய கலரைவிட அழகு. சத்தியமாகச் சொல்கிறேன், எந்த ட்யூபிலும் அந்தக் கலர் கிடையாது. நான் மேடைக்குப் பக்கத்தில் புடவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் பெரியம்மா மலரின் அம்மாவிடம் வந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாங்க, பொண்ணு தலை ஒரு மாதிரி கலரா கீது?"

அந்தம்மா இடுப்பில் கைவைத்தார். டை பாக்கெட் அங்கே இல்லை. "எங்க வூட்டு மஞ்ச வெச்ச கலருங்க. எல்லாருக்கும் வராது" என்றார்.

தங்கச்சிகளே, நான் எல்லாச் சட்டத்தையும் மலரிடம் சொன்னேன், அவள் ஒன்றுவிடாமல் கேட்டாள். ஆனால் அந்தத் தலையைத் தொடப்போகிற கைகள் வேறு யாருடையதோ. அவர்களிடம் நான் பேசவே இல்லை. அதன் பிறகு கலர் போட்ட ஒவ்வொருத்தியிடமும் எழுந்து போகும் முன் ஒரு கேள்வி கேட்பேன். மறுபடி நீ இங்கே வர்றதுக்குள்ள உன் தலையில யார் யாரெல்லாம் கை வைப்பாங்க? மாமியார் சனிக்கிழமை எண்ணெய் வைப்பார், நாத்தனார் அரப்பு தேய்ப்பாள் என்று வரிசையாக வரும். அந்தக் கைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்புவேன். நீங்களும் கேளுங்கள்.

ஆவணியில் ஒரு நாள் மலரின் அம்மா தனியாகப் படியேறி வந்தார். ஆடிக்கு வந்திருந்த மகளை, மாப்பிள்ளை வீடு இருக்கிற ஓசூருக்கு பஸ் ஏற்றிவிட்டு நேராக வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, நரைத்த கொண்டையை அவரே அவிழ்த்தார்.

"அவளுக்குப் போட்டியே, அதுல எனக்கும் ரெண்டு இழை போடு."

"செம்பட்டையாயிடுமே" என்று சீண்டினேன்.

"ஆவட்டும் போ."

நானும் துண்டைப் போர்த்திவிட்டு, பழக்க தோஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மறுபடி வர்றதுக்குள்ள உங்க தலையில யார் யாரு கை வைப்பாங்க?

அந்தம்மா கண்ணாடியைப் பார்த்தார்.

"அவ ஒருத்திதான் வாராவாரம் எண்ணெ வெச்சி வுடுவா. இனிமே யாரும் இல்ல, பார்லரம்மா."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடு செய்து கொண்டுவந்து, உச்சியில் வைத்து, மெதுவாகத் தேய்த்தேன். அன்று கலர் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மூடிய கண்ணோடே சொன்னார்.

"அடுத்த வாரமும் வருவேன். நீயே வெச்சி வுடு. மஞ்ச மட்டும் கிட்ட கொண்டாராத."